ஒரே சண்டை, திங்கள் காலை வெற்றி, செவ்வாய் காலை தோல்வி: 1861 அமெரிக்கப் பத்திரிகைகளை எப்படிப் படிப்பது?

பொருநை_மாணவன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.ஏ. வரலாறு கடைசி வருஷம் படிக்கிறேன். செமினாருக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) எடுத்திருக்கிறேன். "புத்தகத்தைப் பார்த்து எழுதினால் மார்க் கிடையாது, அந்தக் காலத்துப் பத்திரிகையையே போய்ப் பார்" என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய நாளிதழ்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. இப்போதெல்லாம் ராத்திரி அதில்தான் கிடக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், 1861 ஜூலை 21 ஞாயிற்றுக்கிழமை வர்ஜீனியாவில் புல் ரன் ஓடைக்கரையில் முதல் பெரிய சண்டை. வடக்குப் படை (லிங்கன் அரசின் படை) தோற்று வாஷிங்டனுக்கு ஓடிவந்தது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் 22ஆம் தேதி நியூயார்க் பத்திரிகைகளில் வடக்குக்கு மகத்தான வெற்றி! 23ஆம் தேதி பார்த்தால் ஒரே ஒப்பாரி. அதைவிடக் குழப்பம், சில நாள் இதழ்களில் ஒரே பக்கத்தில் மேலே ஒன்று, கீழே அதற்கு நேர்மாறாக இன்னொன்று.

முதன்மை ஆதாரம் என்று இதில் எதை நான் காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைத்தெரு_கண்ணன்

இதுல என்ன தம்பி குழப்பம்? பேப்பர்க்காரன் அன்னிக்கும் புளுகினான், இன்னிக்கும் புளுகறான். புத்தகத்தையே பார்த்து எழுதிட்டுப் போங்க.

இரவுமேசை

தம்பி, நான் மதுரையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் இரவு ஷிஃப்ட். அமெரிக்கப் போர் எனக்குப் படிப்பு இல்லை, ரிடையர் ஆன பிறகு பிடித்த பைத்தியம். நீ சொல்லும் அதே ஸ்கேன் பக்கங்களைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேராசிரியர்கள் சொல்வதை நான் சொல்ல வரவில்லை. டெஸ்க்கில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு என்ன படுகிறதோ அதைச் சொல்கிறேன்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்றாயே, முதலில் அதை எடுத்துக்கொள்வோம். எங்கள் காலத்தில் டெலிபிரிண்டரில் செய்தி துண்டு துண்டாக வரும். "பஸ் கவிழ்ந்து 4 பேர் பலி" என்று வரும். அரை மணியில் "பலி 9". அப்புறம் "திருத்தம், பலி 7". அதையெல்லாம் கிழித்து, ஒட்டி, கடைசி எண்ணை வைத்து ஒரே செய்தியாக எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. நாங்கள் பட்ட தடுமாற்றம் காலையில் டீக்கடையில் படிப்பவருக்குத் தெரியவே தெரியாது. 1861இல் நியூயார்க்கில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. தந்தி வந்து விழ விழ அச்சுக்கோத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஊர், தேதி, பல சமயம் மணிகூட இருக்கும். பத்தியில் கீழே இறங்க இறங்கக் கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள். மேலே உள்ளதைக் கீழே உள்ளது மறுக்கிறதென்றால், நடுவில் இன்னொரு குதிரைக்காரன் வந்து சேர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். இதைவிட நேர்மையான பக்க அமைப்பு எங்கள் காலத்தில் கிடையாது என்பது என் எண்ணம். நாங்கள் ஒழுங்குபடுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு தடயத்தையும் சேர்த்து அழித்தோம்.

தலைப்புகளைக் கவனித்தாயா? ஒரே பத்தி அகலத்தில் ஏணிப்படி மாதிரி எட்டு, பத்து தலைப்பு அடுக்கியிருக்கும். ஏன் எட்டுப் பத்தி அகலத்துக்கு ஒரே தலைப்பு இல்லை? சுழலும் உருளையின் மேலேயே ஈய எழுத்துகளைப் பூட்டி அச்சடித்த காலம் அது. பத்திக்கு நடுவே நிற்கும் பித்தளைக் கோடுதான் எழுத்து சிதறாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித் தலைப்பு போட்டால் எழுத்தெல்லாம் ஓடும் மெஷினிலிருந்து பறந்துவிடும். அதனால் பரபரப்பையெல்லாம் செங்குத்தாகக் காட்டினார்கள்.

இனி உன் ஜூலை 21. காலையில் வடக்கின் கை ஓங்கியிருந்தது உண்மை. மத்தியானம் தாண்டியும் அப்படித்தான். போர்க்களத்திலிருந்து ஃபேர்ஃபாக்ஸ் தந்தி நிலையத்துக்குக் குதிரையில் ஆள் வந்து வந்து சொன்னதெல்லாம் நல்ல செய்தி. லிங்கனே நிம்மதியாக மாலையில் வண்டியில் உலாவக் கிளம்பிவிட்டார், திரும்பி வந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையை நடத்திய ஹென்றி ரேமண்ட் அன்று களத்திலேயே இருந்தார். வெற்றி என்று முதல் தந்தி அனுப்பினார். பிறகு படை உடைந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்து, அதையும் எழுதி எடுத்துக்கொண்டு வாஷிங்டன் வந்தார். தந்தி அலுவலகத்தில் ராணுவம் குறுக்கே நின்றது. வெற்றித் தந்திகளைப் போகவிட்டவர்கள் தோல்வித் தந்தியை நிறுத்திவிட்டார்கள். திங்கள் காலையில் நியூயார்க் படித்தது அந்த மிச்சத்தைத்தான்.

ஆகவே கண்ணன் சார், அன்றைக்கு டெஸ்க்கில் இருந்தவன் புளுகவில்லை. கையில் இருந்ததைப் போட்டான். 1991 மே 21 இரவு நான் டெஸ்க்கில் இருந்தேன். வெளியூர்களுக்குப் போகும் முதல் பதிப்பு கட்டுக்கட்டாகக் கிளம்பிய பிறகுதான் ஸ்ரீபெரும்புதூர் செய்தி வந்தது. மறுநாள் காலை சில ஊர்களில் எங்கள் பேப்பரைப் பிரித்தவர்களுக்கு ராஜீவ் காந்தி பிரசாரத்துக்குத் தமிழ்நாடு வந்திருக்கிறார் என்றுதான் இருந்தது. ரேடியோ இருந்ததால் யாரும் ஏமாறவில்லை. 1861இல் ரேடியோ இல்லை.

பத்திரிகைகள் மேல் எனக்குக் கோபம் இருப்பது வேறு இடத்தில். ஹொரேஸ் கிரீலி நடத்திய நியூயார்க் டிரிப்யூன் ஜூன் கடைசியிலிருந்தே "ரிச்மண்டை நோக்கி முன்னேறு" என்று நாள் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தது. தெற்கின், அதாவது பிரிந்துபோன அடிமை முறை மாநிலங்களின், தலைநகரான ரிச்மண்டில் ஜூலை 20க்கு அவர்கள் காங்கிரஸ் கூடப் போகிறது, அதற்குள் ஊரைப் பிடி என்பது கோரிக்கை. சிப்பாய்களுக்குச் சரியாக அணிவகுக்கவே தெரியாத நேரம் அது. டிரிப்யூன் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 22ஆம் தேதியின் தவறான தந்தியைவிட அதற்கு முந்தைய மூன்று வாரத் தலையங்கங்களை உன் வழிகாட்டியிடம் காட்டு. அவை தவறான தகவல் இல்லை, ஆசை. ஆசைக்குத் திருத்தம் போட்ட பேப்பரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். இதழியல் வகுப்பில் ஒரு கதை சொல்லிக் கொடுப்பார்கள். போர்க்காலத்தில் தந்திக் கம்பி அடிக்கடி அறுந்ததால் முக்கிய விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லும் பாணி வந்தது, தலைகீழ்ப் பிரமிடு பிறந்தது என்று. நானும் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு அதைத்தான் ஒப்பித்திருக்கிறேன். இப்போது பக்கங்களைத் திறந்து பார்த்தால், பெரும்பாலான நிருபர்கள் விடியற்காலைப் பனியில் ஆரம்பித்து, எந்தப் படை எந்தத் தோட்டம் வழியாகப் போனது என்று சொல்லி, யார் ஜெயித்தார்கள் என்பதைக் கடைசிப் பத்தியில் வைத்திருக்கிறார்கள். நீயும் கடைசிவரை படி.

பொருநை_மாணவன்

சார், ரொம்ப நன்றி. தந்தியின் மணியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். தந்தியைத்தான் இப்படிச் சந்தேகப்பட வேண்டும் என்றால் நிருபர்களின் நீளமான கட்டுரைகளை நம்பலாமா? அடுத்து, தெற்குப் பத்திரிகைகள். டல்லாஸில் இருக்கும் என் அத்தை மகன் ஒரு படம் அனுப்பினான். பூப்போட்ட சுவர்க் காகிதத்தின் பின்பக்கத்தில் அச்சடித்த பேப்பர், 1863. பழைய சாமான் சந்தையில் வாங்கினானாம், ஒரிஜினல் என்கிறான். அப்படி உண்டா?

இரவுமேசை

உண்டு தம்பி. ஆனால் அத்தை மகனிடம் இப்போதைக்குச் சந்தோஷப்பட வேண்டாம் என்று சொல்.

அது விக்ஸ்பர்க் ஊரின் டெய்லி சிட்டிசன் ஆக இருக்க வேண்டும். மிசிசிப்பி ஆற்றங்கரைக் கோட்டை ஊர். 1863 மே மாதம் வடக்குத் தளபதி கிராண்டின் படை சுற்றி வளைத்து 47 நாள் முற்றுகை. மக்கள் குண்டுக்குப் பயந்து மண்மேட்டில் குகை தோண்டிக் குடியிருந்தார்கள். காகிதம் தீர்ந்தது. பத்திரிகை நடத்திய ஸ்வோர்ட்ஸ் என்பவர் சுவரில் ஒட்டும் பூக்காகிதத்தை எடுத்து அதன் வெற்றுப் பக்கத்தில் அச்சடித்தார். ஜூலை 2 இதழில் ஒரு நக்கல்: நாலாம் தேதி விக்ஸ்பர்க்கில் விருந்து சாப்பிடப் போவதாகக் கிராண்ட் பேசிக்கொள்கிறாராம், முயலைச் சமைக்கும் முன் முதலில் பிடிக்க வேண்டுமே என்று. நாலாம் தேதி ஊர் சரணடைந்தது. உள்ளே வந்த வடக்குச் சிப்பாய்களில் அச்சுக்கோக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அச்சகத்தில் எழுத்து கோத்தபடியே கிடக்கிறது. அதன் கடைசியில் ஒரு குறிப்பு சேர்த்து மறுபடி அடித்தார்கள். கிராண்ட் முயலைப் பிடித்துவிட்டார், முற்றுகைப் பஞ்சத்தில் தின்ற கோவேறு கழுதைக் கறியின் பெருமையை இனி இந்தப் பத்திரிகை பாடாது, சுவர்க் காகிதத்தில் வரும் கடைசி இதழ் இதுதான், பிற்காலத்தில் அபூர்வப் பொருளாக மதிப்பு பெறும் என்று.

அவர்கள் வாக்கு பலித்தது. அபூர்வம் என்றதும் ஆளாளுக்கு மறுபதிப்பு போட்டுவிட்டார்கள். முப்பதுக்கும் மேல் வகை இருக்கிறது. எது அசல் என்று கண்டுபிடிக்கக் காங்கிரஸ் நூலகமே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. அச்சுப் பகுதி 9⅛ அங்குல அகலம், 16⅞ அங்குல உயரம் இருக்க வேண்டும். எங்கெங்கே எந்தப் புள்ளி, எந்த எழுத்துப் பிழை இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிழை இருந்தால் அசல், திருத்தியிருந்தால் போலி! எங்கள் புரூஃப் ரீடர்கள் இதைக் கேட்டிருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்கள். வாட்ஸப் படத்தில் அங்குலம் தெரியாது. ஸ்கேல் வைத்து அளந்து சொல்லச் சொல்.

தெற்குப் பத்திரிகைகளுக்கு நேர்ந்த கதி எல்லாம் இந்தக் காகிதத்தில் இருக்கிறது. காகித ஆலைகள் பெரும்பாலும் வடக்கில். துறைமுகங்களை வடக்குக் கடற்படை அடைத்துவிட்டது. நாலு பக்கம் வந்தது இரண்டு பக்கம் ஆகும், பிறகு ஒரே தாள். ஈய எழுத்து தேய்ந்து மழுங்கி, சில ஸ்கேன்களில் 'e'க்கும் 'c'க்கும் வித்தியாசம் தெரியாது. மெம்பிஸ் அப்பீல் என்று ஒரு நாளிதழ். 1862 ஜூனில் ஊர் விழப் போகிறது என்று தெரிந்ததும் மெஷினையும் எழுத்துகளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. கிரனேடா, ஜாக்சன், மெரிடியன், அட்லாண்டா, மாண்ட்கோமரி என்று எதிரிப் படை வரவர இடம் மாறிக்கொண்டே வெளிவந்தது. கடைசியில் 1865 ஏப்ரலில் ஜார்ஜியாவின் கொலம்பஸில்தான் பிடிபட்டது. பெயரில் மட்டும் கடைசிவரை மெம்பிஸ்! அதன் அரசியல் எனக்கு ஆகாது. அடிமை முறைக்குக் கொடி பிடித்த பேப்பர். ஆனாலும் ஊரே இல்லாமல் அத்தனை வருஷம் ஒரு நாளிதழை ஓட்டுவதென்றால் என்ன பாடு என்று மெஷின் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

தெற்குப் பேப்பரில் எதை நம்பலாம் என்றால், தங்களுக்கு எதிராக அவர்களே வாய்தவறிச் சொன்னதை நம்பு. 1864 நவம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து படையோடு கிளம்பித் தந்தித் தொடர்பே இல்லாமல் ஜார்ஜியாவுக்குள் மறைந்துவிட்டார். ஏறக்குறைய நாலு வாரம் அவர் எங்கே இருக்கிறார் என்று வாஷிங்டனுக்கு நேராகத் தகவல் இல்லை. கிராண்ட் என்ன செய்தார்? ரிச்மண்ட் பத்திரிகைகளை வரவழைத்துப் படித்தார். ஷெர்மன் இன்ன ஊரில் முறியடிக்கப்பட்டார் என்று ஒரு நாள் இருக்கும். சில நாள் கழித்து முறியடிக்கப்பட்டவர் கடலுக்கு இன்னும் பக்கத்தில் வேறோர் ஊரில் முறியடிக்கப்பட்டிருப்பார். வெற்றிச் செய்தியைத் தள்ளிவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் வரைபடத்தில் வைத்தால் பாதை கிடைத்துவிடும். அந்தப் பக்கம் தெற்கின் தளபதி ராபர்ட் லீயும் வடக்குப் பத்திரிகைகளை விடாமல் படித்தவர்தான். காவல் வரிசையில் சிப்பாய்களே காப்பித்தூளுக்குப் புகையிலை மாற்றும்போது பேப்பரையும் மாற்றிக்கொண்டார்கள்.

உன் முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். அவசரத் தந்தியைவிட நிருபரின் கடிதம் மேல், பெரும்பாலும். 1862 செப்டம்பரில் ஆன்டீடம் சண்டை முடிந்த இரவே டிரிப்யூனின் ஸ்மாலி குதிரையேறி ஃபிரெடெரிக் போய்ச் சேர்ந்தார். சின்னத் தந்தி ஒன்று கொடுத்தார், அதைத் தந்திக்காரர் நியூயார்க்குக்கு அனுப்பாமல் வாஷிங்டனுக்குத் திருப்பிவிட்டார். மனுஷன் ரயிலேறி, ஆடுகிற விளக்கு வெளிச்சத்தில் முழுக் கட்டுரையையும் எழுதிக்கொண்டே நியூயார்க் போய் இறங்கினார். அந்தப் போரின் நல்ல செய்திக் கட்டுரைகளில் அது ஒன்று. இன்னொன்று நியூயார்க் டைம்ஸில் 1863 ஜூலை 6 அன்று வந்த கெட்டிஸ்பர்க் கட்டுரை. எழுதியவர் சாமுவேல் வில்கெஸன். அவர் மகன் பேயார்ட், 19 வயது பீரங்கிப் படை அதிகாரி, முதல் நாள் சண்டையிலேயே காயம்பட்டு இறந்துபோனான். உடலைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு எழுதியது. அதை நான் இங்கே சுருக்கிச் சொல்லப் போவதில்லை, போய்ப் படி.

லண்டன் டைம்ஸின் வில்லியம் ரஸ்ஸலையும் விட்டுவிடாதே. புல் ரன் சண்டையை அவர் பார்க்கவே இல்லை, லேட்டாகப் போனார். எதிரே ஓடிவந்த படையை மட்டும் பார்த்தார். பார்த்ததை மட்டும் எழுதினார். அது கப்பலில் போய் லண்டனில் ஆகஸ்ட் 6 அச்சாகி, அந்தப் பேப்பர் கப்பலில் திரும்பி அமெரிக்கா வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆறிப்போன காயத்தில் அது விழுந்தது. ஊரே சேர்ந்து அவருக்கு 'புல் ரன் ரஸ்ஸல்' என்று பட்டம் கட்டியது. அடுத்த வருஷம் ராணுவத்தோடு போக அனுமதி மறுத்தார்கள், மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்.

மனாசஸ்_மீனா

இரவுமேசை ஐயாவுக்கு வணக்கம். நான் வர்ஜீனியாவில் இருக்கிறேன், புல் ரன் போர்க்களம் இப்போது தேசியப் பூங்கா, வார இறுதியில் நடக்கப் போவோம். தம்பி, நீ முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். விளம்பரப் பத்திகளையும் பார்.

ரிச்மண்ட் பேப்பர்களில் ஒரு பக்கம் தலையங்கம் சுதந்திரம், உரிமை என்று முழங்கும். அதே இதழில், ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுத்தால் இத்தனை டாலர் என்று விளம்பரம் இருக்கும். வயசு, உயரம், தழும்பு எங்கே, மனைவி எந்தப் பண்ணையில் இருக்கிறாள், எந்தப் பக்கம் போயிருக்கக்கூடும் என்று எல்லாம். விளம்பரம் கொடுத்தவருக்குப் பொய் சொல்ல அவசியமே இல்லை, ஆளைப் பிடிக்க வேண்டும். போர் முடியும்வரை அந்த விளம்பரங்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

கறுப்பின மக்கள் நடத்திய பத்திரிகைகளையும் சேர்த்துக்கொள். பிலடெல்பியாவில் கிறிஸ்டியன் ரெக்கார்டர், நியூயார்க்கில் ஆங்கிலோ ஆப்பிரிக்கன். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். 1864இல் காங்கிரஸ் அதைச் சரிசெய்யும்வரை சில படைப்பிரிவுகள் சம்பளமே வாங்க மறுத்தன. அந்தக் கோபமெல்லாம் சிப்பாய்களே எழுதிய கடிதங்களாக இந்தப் பத்திரிகைகளில் இருக்கிறது. போர் முடிந்த பிறகு ரெக்கார்டரில் இன்னொரு வகை விளம்பரம் ஆரம்பிக்கும்: விற்கப்பட்டுப் பிரிந்துபோன அம்மாவை, பிள்ளையை, தம்பியைத் தேடி. கடைசியாக எந்த ஊரில், எந்த முதலாளியிடம் பார்த்தோம் என்று எழுதியிருப்பார்கள்.

பெரிய நாளிதழில் ஒரே ஒரு கறுப்பின நிருபர் இருந்தார், தாமஸ் மோரிஸ் செஸ்டர், பிலடெல்பியா பிரஸ் பத்திரிகைக்கு. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் விழுந்ததும் தெற்கின் காங்கிரஸ் கூடிய மண்டபத்துக்குப் போய், சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி எழுதினார். தேதிக்கு மேலே இடம் என்று அந்த மண்டபத்தின் பெயரையே போட்டிருக்கிறார்.

கடைத்தெரு_கண்ணன்

சரி, கொஞ்சம் இறங்கி வர்றேன். ஆனா சர்க்கார் சும்மா விட்டுச்சா? நம்ம ஊர்ல 1975 எமர்ஜென்சில பேப்பர்ல வெள்ளைக் கட்டம் விட்டாங்களே, அந்த மாதிரி அங்கே உண்டா?

இரவுமேசை

உண்டு, ஆனால் ஒழுங்கான சென்சார் சட்டம் எதுவும் இல்லை. அதுதான் வேடிக்கை. 1862 பிப்ரவரியில் தந்திக் கம்பிகள் அனைத்தையும் அரசு கையில் எடுத்தது. தபாலில் அனுப்பினால் தடையில்லை, தந்தியில் அனுப்பினால் வெட்டு. மற்றதெல்லாம் அந்தந்தத் தளபதியின் மூடைப் பொறுத்தது. ஷெர்மனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று 1861 டிசம்பரில் சின்சினாட்டி பத்திரிகை ஒன்று செய்தியே போட்டது. அதற்குப் பிறகு அவர் நிருபர்களை எப்படிப் பார்த்திருப்பார்? 1863இல் நியூயார்க் ஹெரால்டு நிருபர் தாமஸ் நாக்ஸை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார். உளவாளிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை, அனுமதியில்லாமல் வந்தார் என்று வெளியேற்றியதோடு சரி. 1864இல் ஜெனரல் மீட் தன்னைப் பற்றி எழுதிய ஒரு பிலடெல்பியா நிருபரின் கழுத்தில் 'அவதூறுக்காரன்' என்கிற மாதிரி அட்டையை மாட்டி முகாம் முழுக்க ஊர்வலம் விட்டார். நிருபர்கள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. மீட்டின் பெயரையே செய்தியிலிருந்து எடுத்துவிட்டார்கள், தோல்வி என்றால் மட்டும் போடுவது என்று. கெட்டிஸ்பர்க்கை ஜெயித்த மனுஷரை இன்று பாதிப் பேருக்குத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். நம்பக்கூடியதுதான், எங்கள் ஆட்கள் கறுவினால் அப்படித்தான் கறுவுவார்கள்.

ஆனால் நைட் டெஸ்க்கில் இருந்தவன் நெஞ்சு படபடக்கப் படிக்க வேண்டிய கதை 1864 மே 18. விடிவதற்கு முன், ஆசிரியர்கள் வீட்டுக்குப் போய், அச்சகப் பொறுப்பாளரான ஃபோர்மன் மட்டும் மெஷினோடு இருக்கிற நேரம். ஒரு பையன் நியூயார்க் பத்திரிகை அலுவலகங்களுக்கு அசோசியேட்டட் பிரஸ் காகிதம் மாதிரியே மெல்லிய தாளில் ஒரு செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கிறான். லிங்கனின் பிரகடனம்: இன்னும் 4,00,000 ஆட்கள் வேண்டும், நாடே ஒரு நாள் உண்ணாநோன்பு இருந்து வேண்டிக்கொள்ளட்டும். கிராண்டின் படையெடுப்பு நாசமாகிவிட்டது என்றுதான் யாரும் பொருள்கொள்வார்கள். டைம்ஸில் இருந்தவருக்கு எழுத்து சந்தேகமாக இருந்தது, ஏஜென்சிக்கு ஆள் விட்டுக் கேட்டார், எங்களுடையது இல்லை என்று பதில் வந்தது. வேர்ல்டு, ஜர்னல் ஆஃப் காமர்ஸ் இரண்டும் போட்டுவிட்டன. தங்கம் விலை எகிறியது. எழுதியவன் ஜோசப் ஹோவர்டு, தொழில் தெரிந்த பத்திரிகைக்காரன், முன்கூட்டியே தங்கத்தில் பணம் போட்டு வைத்திருந்தவன். லிங்கன் அந்த இரண்டு பத்திரிகைகளையும் மூடி ஆசிரியர்களைப் பிடிக்கச் சொன்னார். சில நாளில் திறந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் சிகாகோ டைம்ஸை ஜெனரல் பர்ன்சைடு மூடியபோது அதைத் திறக்கச் சொன்னவரும் இதே லிங்கன்தான்.

இதில் கூத்து என்னவென்றால், அதே ஜூலையில் லிங்கன் நிஜமாகவே 5,00,000 ஆள் கேட்டார்.

பருத்தி_மண்டி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் விருதுநகர்ப் பக்கம் பருத்தி வியாபாரம் பார்த்த குடும்பம். அந்தப் போர் நம்மூரையும் தொட்டது. தெற்கிலிருந்து பருத்தி வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் பட்டினி கிடந்தபோதுதான் இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. பம்பாயில் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தி வியாபாரி காலத்துப் பங்குச் சூதாட்டம் எல்லாம் அந்தப் பணத்தில். 1865இல் தெற்கு சரணடைந்த செய்தி வந்ததும் அத்தனையும் சரிந்தது. தம்பி நெல்லையில்தானே இருக்கிறான், 'டின்னவெல்லி' என்று பெயர் போட்டுக் கப்பலேறிய பருத்தியின் விலைப் பட்டியல் அன்றைய லண்டன் பத்திரிகைகளில் கிடைக்கும். சண்டைச் செய்தியை ஒரு பக்கமும் விலையை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தால் தனி செமினாரே போடலாம்.

பொருநை_மாணவன்

எல்லோருக்கும் நன்றி. மீனா அக்கா, ரெக்கார்டர் விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சார், கடைசியாக ஒன்று. அடிக்குறிப்பில் பத்திரிகை பெயரும் தேதியும் போட்டால் போதுமா?

இரவுமேசை

போதாது. எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று போடு. தந்தி என்றால் அதன் தலையில் உள்ள ஊர், நாள், மணி மூன்றையும் போடு. ஒரே நாளில் காலைப் பதிப்பு, மாலைப் பதிப்பு, எக்ஸ்ட்ரா என்று பல வந்திருக்கும். ஸ்கேனில் இருப்பது எது என்று தலைப்பட்டைக்குப் பக்கத்தில் பார். "வாஷிங்டன், ஜூலை 21" என்று ஆரம்பிக்கும் துண்டை 22ஆம் தேதிச் செய்தி என்று எழுதிவிடாதே, உன் கட்டுரையே அந்த ஒரு நாள் வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

தேடல் பெட்டியை நம்பாதே. தேய்ந்த எழுத்தைக் கம்ப்யூட்டர் தப்பாகப் படிக்கும், அதுவும் தெற்குப் பேப்பரில் ரொம்ப. இறந்தவர், காயம்பட்டவர் பட்டியல்கள் பொடி எழுத்தில் பத்தி பத்தியாகப் போகும். தந்தியில் பெயர் மாறி, அச்சில் இன்னொரு முறை மாறி இருக்கும். அதில் ஒரு படைப்பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த நாள் இதழ்களில் பெயர்கள் எப்படித் திருத்தப்படுகின்றன என்று பார். செத்தவன் என்று போட்டவன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இருப்பான்.

23ஆம் தேதி முதல் பக்கத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. தந்தி நேரங்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். பகலில் அனுப்பாதே, தூங்கிக்கொண்டிருப்பேன், பழக்கம் போகவில்லை.